சேலத்துக்கு லீவுல போறீங்களா? கிளம்பறதுக்கு முந்தியே முடிச்சு வைக்க வேண்டிய வேலைங்க

லீவு ஓகே ஆயிடுச்சுன்னா அப்புறம் ஆபீஸ்ல உக்காந்திருக்கறது உடம்பு மட்டும்தான், மனசு அஞ்சு ரோட்டு சிக்னல்ல நிக்கும், இது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா அந்த காத்திருக்கற நாளெல்லாம் காலண்டர்ல கோடு போட்டே ஓட்டிட்டு, ஊர்ல எறங்கினதுக்கப்புறம் பேங்கு, பல் டாக்டர், தையக்கடை, தாலுக்கா ஆபீஸ்னு அலைஞ்சு லீவையே தீத்துட்டு, "ஒரு நாள் கூட வீட்ல நிம்மதியா உக்காரலியே"ன்னு பொலம்பிட்டு திரும்பற சேலத்துக்காரங்கள நெறைய பாத்துட்டேன். சலிப்பான வேலைய எல்லாம் இருக்கற எடத்துல இருந்தே முடிங்க, ஊருக்கு போனா திங்கறது, தூங்கறது, பேசறது மட்டும்தான் மிச்சம் இருக்கணும். நான் ஷார்ஜால இருந்து எழுதறேன், பெங்களூர் சென்னைல இருக்கறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

மொதல் வேல மாசத்த முடிவு பண்றது. டிக்கெட் எப்ப சீப்புன்னு பாத்து தேதி எடுக்காதீங்க, எதுக்காக ஏங்கறீங்களோ அத வச்சு எடுங்க. மாம்பழம்தான்னா ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் வரைக்கும் போகணும், மல்கோவா, இமாம் பசந்த், குதாதத், நடுசாலைன்னு கடைவீதி பக்கம் நடந்தாலே வாசன வரும், ஆனா வெயில் 40 டிகிரிய தொடும், பகல்ல பதினொரு மணிக்கு மேல வெளிய தலகாட்ட முடியாது, சரி மலைக்கு தப்பிச்சு போலாம்னா ஏற்காட்டுலயும் மே மாசம் கோடை விழா, மலர் கண்காட்சின்னு கூட்டம் அள்ளும். பனியும் குளிரும் காபிப் பழம் பறிக்கறதும் பாக்கணும்னா டிசம்பர் ஜனவரி, பொங்கலும் சேந்துக்கும்.

என் ஓட்டு ஆடிக்குத்தான். ஜூலை பாதில இருந்து ஆகஸ்ட் பாதி, வளைகுடா ஸ்கூல் லீவோட சரியா பொருந்தும் (ஃப்ளைட் டிக்கெட்டும் அப்பதான் எகிறும், அது தலையெழுத்து). ஆடில கல்யாணம் வைக்க மாட்டாங்க, அதனால நாலு மண்டபத்துக்கு ஓடி மொய் எழுதற வேல கெடையாது, இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு வைகாசில போய் மாட்டினவங்களுக்கு தெரியும். அப்புறம் கோட்டை மாரியம்மன் பண்டிகை. கோட்டைல பூச்சாட்டினா அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாபேட்டை, குகைன்னு பேட்டைக்கு பேட்ட மாரியம்மனுக்கு நோம்பிதான், கூழ் ஊத்தறது, பொங்க வைக்கறது, அலகு குத்தறது, உருளுதண்டம், தீமிதி, விடியறதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர் செட்டு. குகைல வண்டி வேடிக்கன்னு ஒண்ணு நடக்கும், சாமி வேஷம் போட்டவங்கள ஜோடிச்ச வண்டில நிக்க வச்சு ஊர்வலமா கூட்டிட்டு வருவாங்க, புள்ளைங்க இருந்தா அத மிஸ் பண்ணாதீங்க.

ஆடி 1ஆம் தேதிக்கே ஊர்ல இருக்கற மாதிரி பாத்துக்கங்க, பெரும்பாலும் ஜூலை 17 வாக்குல வரும். அன்னைக்குத்தான் தேங்கா சுடறது. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் தாண்டி இத சொன்னா யாருக்கும் புரியறதில்ல, அதனால செய்முறைய எழுதிடறேன், வெளியூர்ல வளந்த புள்ளைங்களுக்கு நீங்கதான் சொல்லி குடுக்கணும். முத்தின தேங்காயா எடுத்து நார் சுத்தமா போற வரைக்கும் உரிச்சு, கொட்டாங்குச்சிய தரைல தேச்சு வழவழன்னு ஆக்கிக்கணும். மூணு கண்ணுல எது மெதுவா இருக்கோ அத மட்டும் கம்பியால குத்தி தண்ணிய டம்ளர்ல எடுத்து வச்சிரணும், கொட்டிராதீங்க. பொடிச்ச வெல்லம், பொட்டுக்கடலை, வறுத்த பாசிப்பருப்பு, எள்ளு, அவல் எல்லாத்தையும் கலந்து அந்த ஓட்ட வழியா கொஞ்சம் கொஞ்சமா தள்ளி, பாதிக்கு மேல ரொம்பினதும் எடுத்து வச்ச தண்ணில கொஞ்சத்த திரும்ப ஊத்தணும். அப்புறம் அழிஞ்சி குச்சிய நுனி சீவி அந்த ஓட்டைலயே இறுக்கமா சொருகி, மஞ்சள் தடவி, தெருவுல எல்லாரும் சேந்து நெருப்பு போட்டு திருப்பி திருப்பி சுட வேண்டியதுதான். ஓடு கருகி படார்னு வெடிப்பு விட்டா வெந்துடுச்சுன்னு அர்த்தம். பிள்ளையாருக்கு வச்சு கும்பிட்டுட்டு ஒடச்சா வெல்லமும் பருப்பும் தேங்காயோடயே ஒட்டி வெந்து லேசா புகை வாசனையோட இருக்கும், அத நான் வர்ணிக்க போறதில்ல, போய் தின்னு பாருங்க. குச்சி அந்த ரெண்டு மூணு நாள் கடைவீதில கட்டு கட்டா விக்கும், அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிட்டா போதும்.

ஆடில ஒரே ஒரு எச்சரிக்கை, ஆடி 18 ஆகஸ்ட் 3 வாக்குல வருது, அன்னைக்கு மேட்டூர் பக்கம் காவேரில கால் வைக்க எடம் இருக்காது, அப்புறம் மாரியம்மன் பண்டிகைக்கு சேலம் மாவட்டத்துக்கு உள்ளூர் லீவு விடுவாங்க, பெரும்பாலும் ஒரு புதன்கிழம. அந்த வாரத்துல கவர்மெண்ட் ஆபீஸ் வேல எதையும் நம்பி வச்சுக்காதீங்க.

தேதி முடிவாயிடுச்சா, அடுத்தது வழி. வெளிநாட்டுல இருந்து வரவங்க சேலத்துக்கு எந்த ஏர்போர்ட் கிட்டன்னு மேப்ப மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்க. திருச்சில இருந்து நாமக்கல் வழியா சுமார் 140 கிலோமீட்டர், கோவைல இருந்து பெருந்துறை, பவானி, சங்ககிரி வழியா 160 சொச்சம், ரெண்டுமே நல்ல ரோடு. பெங்களூர்னா ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய் இறங்கி ஓமலூர், ஊருக்கும் ஊருக்கும் 200 கிலோமீட்டர்தான், ஆனா ஏர்போர்ட் வடக்க தேவனஹள்ளில இருக்கு, மொத்த பெங்களூரையும் குறுக்க கடந்து ஓசூர் ரோட்ட புடிக்கறதுக்குள்ள கோவைல இருந்து வந்தவன் வீட்ல குளிச்சு முடிச்சிருப்பான். சென்னை 340 கிலோமீட்டர், அங்க எறங்கினா ராத்திரி ட்ரெயின் நல்லது. கைக்குழந்த, வயசானவங்க இருந்தா நான் கோவைதான் சொல்லுவேன், ஷார்ஜால இருந்து நேர் ஃப்ளைட்டும் இருக்கு. ஓமலூர் பக்கத்துல கமலாபுரத்துல நம்ம ஏர்போர்ட்டும் இருக்கு, உங்க ஃப்ளைட்டோட நேரம் ஒத்து வந்தா ஜாக்பாட், வரலன்னா விட்டுருங்க.

ட்ரெயின்ல வரவங்க ஒண்ணு கவனிங்க, முன்ன மாதிரி 120 நாளைக்கு முன்னாடி புக் பண்ண முடியாது, 2024 நவம்பர்ல இருந்து 60 நாள்தான், காலைல 8 மணிக்கு ஓபன் ஆகும். ஐஆர்சிடிசி அக்கவுண்ட்ல ஆதார சேத்து வச்சிருங்க, தட்கல் போடறதுக்கு இப்ப அது கட்டாயம், ஏசிக்கு முந்தின நாள் 10 மணி, மத்ததுக்கு 11 மணி. ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல வரீங்கன்னா அலாரம் வச்சுட்டு தூங்குங்க, பேருதான் ஏற்காடு, வண்டி ஈரோட்டுக்கு போறது, சேலத்துல இருட்டோட எறங்கணும். எழும்பூர்ல இருந்து விருத்தாசலம் வழியா வர வண்டின்னா ஜங்ஷன் வரைக்கும் போக வேண்டியதில்ல, டவுன் ஸ்டேஷன்லயே எறங்கினா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே.

இப்ப முக்கியமான சமாச்சாரம், சொந்தக்காரங்க. யார் யார் வீட்டுக்கு போகணும்னு இங்க உக்காந்தே ஒரு லிஸ்ட் போடுங்க, அதுல மொதல்ல எழுத வேண்டியது போன தடவ வந்துட்டு போனதுக்கப்புறம் சாவு விழுந்த வீடுங்கள. துக்கம் கேக்க போகாம மத்த வீட்டுல கறிச்சோறு தின்னுட்டு சுத்தினீங்கன்னா அது பத்து வருசத்துக்கு பேச்சா நிக்கும். செவ்வா, வெள்ளில போகக்கூடாது, பழம் ஸ்வீட்டுன்னு தூக்கிட்டும் போகக்கூடாது, அம்மாகிட்டயோ பெரிம்மாகிட்டயோ கேட்டு நாள் குறிச்சுக்கங்க. அத மொத ரெண்டு மூணு நாள்லயே முடிச்சிரணும்.

மத்த வீடுங்களுக்கு ஒரு தந்திரம் இருக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு போங்க. பதினொரு மணிக்கு போனீங்கன்னா நாட்டுக்கோழி அடிச்சு, கொழம்பு வச்சு, தூங்கி எந்திரிச்சு போங்கன்னு ஒரு நாளே போயிரும், நாலு மணின்னா காபி, பஜ்ஜி, முறுக்கோட அடுத்த வீட்டுக்கும் போயிடலாம். தெருவுக்கு ஒரு வாட்டின்னு சேத்து வச்சுக்கங்க, தாதகாப்பட்டிக்கு போனா கொண்டலாம்பட்டியும் அதே சாயங்காலம், சூரமங்கலம்னா ஜங்ஷன் பக்கம் இருக்கறவங்க எல்லாம் ஒண்ணா. இல்லன்னா ஒரு ஞாயித்துக்கிழம எல்லாரையும் உங்க வீட்டுக்கே கூப்புட்டுருங்க, செலவு ஆகும், ஆனா அத்தை மாமா சித்தப்பா எல்லாம் ஒரே எடத்துல உக்காந்து ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்றத பாக்கறதுக்கு அந்த செலவு தகும். திரும்பி போற தேதிய மட்டும் யார்கிட்டயும் கரெக்டா சொல்லாதீங்க. "இன்னும் நாள் இருக்கில்ல, அப்பறம் வா"ன்னு தள்ளி போட்டு கடைசி நாள்ல எல்லாரும் கூப்புடுவாங்க.

அலைச்சல் வேலைங்க. இந்தியா சிம்ம ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடியே ரீசார்ஜ் பண்ணுங்க, அது செத்து போயிருந்தா ஓடிபி வராது, ஓடிபி வரலன்னா பேங்கு இல்ல, ட்ரெயின் டிக்கெட் இல்ல, ஒண்ணுமே இல்ல. வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா பாக்கறதுக்கு எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம், தமிழ்நாடு அரசு சைட்லயே எடுத்துக்கலாம், சொத்து வரியும் ஆன்லைன்ல கட்டிரலாம். நேர்ல போயே ஆகணும்னு இருக்கற வேலைக்கு என்னென்ன காகிதம் வேணும்னு ஊர்ல இருக்கற தம்பிய அனுப்பி கேட்டு வச்சிட்டு, ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் எடுத்துட்டு போங்க. பல்லு வேல இருந்தா மொத வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கிருங்க, வேர் சிகிச்ச பண்ணி கேப் போடறதுன்னா அளவு எடுத்து, செஞ்சு வந்து, மாட்டறதுன்னு ரெண்டு மூணு சிட்டிங் ஆகும், கடைசி வாரத்துல போனா பாதி பல்லோட ஃப்ளைட் ஏறணும். ஜாக்கெட் தைக்க குடுக்கறவங்க அளவு ஜாக்கெட்ட முன்னாடியே பார்சல்ல அனுப்பிடுங்க, ஆடித் தள்ளுபடில ஊரே துணி எடுத்திருக்கும், டெய்லர் "நாளைக்கு வாங்க அக்கா"ன்னு சொல்றது எந்த நாளைக்குன்னு அவருக்கே தெரியாது.

கொலுசு வாங்கற ஐடியா இருந்தா அதுவும் கிளம்பறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு வெள்ளி வேலதான், ஆர்டர் குடுத்தா டிசைன் பாத்து செஞ்சு குடுப்பாங்க, ஆனா நேரம் வேணும். புள்ளையோட கணுக்கால்ல ஒரு நூல சுத்தி, விரல் ஒண்ணு நுழையற அளவு லூசா விட்டு, அந்த நூல ஸ்கேல்ல வச்சு எத்தன இஞ்சுன்னு எழுதி அனுப்புங்க. வளர்ற புள்ளைன்னா அரை இஞ்சு கூட வைக்க சொல்லுங்க. எத்தன டச் (வெள்ளியோட சுத்தம்), செய்கூலி எவ்வளவு, பழைய வெள்ளிய எடுத்துக்குவீங்களா, இந்த மூணையும் ஃபோன்லயே கேட்டு முடிச்சிருங்க, கடைல போய் உக்காந்து டிசைன் பாக்க ஆரம்பிச்சீங்கன்னா இந்த கேள்வியெல்லாம் மறந்துரும்.

ஏற்காடு. சேலத்துலயே பொறந்து வளந்தவங்க ஏற்காட்டுக்கு போறதில்ல, இது வினோதமான உண்ம, தெனமும் மொட்டமாடில இருந்து மலைய பாப்பாங்க, வெளியூர்ல இருந்து யாராவது வந்தாத்தான் மேல ஏறுவாங்க. அந்த வெளியூர்க்காரர் இப்ப நீங்கதான், அதனால அப்பா அம்மாவையும் ஆயாவையும் கூட்டிட்டு போறது உங்க பொறுப்பு. சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம், செவ்வா புதன் பாருங்க. காலைல ஏழு மணிக்கு கிளம்பி அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினா அடிவாரம், போற வழில மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குது, புள்ளைங்களுக்கு காட்டுங்க. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரவங்கள முன்னாடி உக்கார வச்சு கைல எலுமிச்சம்பழம் குடுங்க, காலைல எண்ணெய் பலகாரம் தின்னுட்டு ஏறாதீங்க, மேல போய் தின்னுக்கலாம்.

மேல போனா எல்லாரும் ஏரில போட்டிங், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட்னு அதே ரவுண்டு அடிப்பாங்க. ஏரிக்கர மொளகா பஜ்ஜிய தவிர எனக்கு அதுல பெரிய ஆர்வம் இல்ல. ஒண்டிக்கடை ரவுண்டானால டீ குடிச்சிட்டு லூப் ரோட்ட புடிங்க, 32 கிலோமீட்டர், எஸ்டேட்டுக்கு நடுவுல வண்டிய மெதுவா விட்டுட்டு போலாம், சில்வர் ஓக் மரத்துல மொளகு கொடி ஏறியிருக்கும், கீழ காபிச் செடி, ஆடில லேசா சாரலும் மூடுபனியும் இருக்கும், ஸ்வெட்டர் மறக்காதீங்க, சுமார் 1,500 மீட்டர் உயரம். இந்த காபி எல்லாம் 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்து வச்சதுன்னு சொல்லுவாங்க. சேர்வராயன் கோயிலுக்கு கண்டிப்பா போங்க, குகைக்குள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும், தல குனிஞ்சுதான் போகணும், வெளிய வந்தா அந்த பொட்டல் மேட்டுல காத்து ஆள தள்ளும். கிளியூர் அருவி ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம்தான் நல்லாருக்கும், ஆடில தண்ணி இருக்கான்னு விசாரிக்காம மூட்டு வலிக்காரங்கள அந்த படில எறக்காதீங்க. எறங்கும்போது குப்பனூர் வழியா எறங்கலாம், சுத்து, ஆனா கூட்டம் கம்மி. எந்த வழியா இருந்தாலும் இருட்டறதுக்குள்ள கீழ வந்துருங்க, காட்டெரும ரோட்ல நிக்கும், பனில கிட்ட வந்தாத்தான் தெரியும்.

சாப்பாட்டுக்கு பிளான் தேவையில்லன்னு நெனைப்பீங்க, தேவ. வெளிய காரம் கம்மியா தின்னு பழகின வயிறு மொத நாளே தட்டுவடை செட்டு (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் துருவின காயும் வச்சது), முட்ட நொறுக்கல் (தட்டுவடைய நொறுக்கி முட்டையோட கலந்தது), ராத்திரி புரோட்டான்னு எறக்கினா மறுநாள் படுத்துரும், அதுவும் நம்ம புள்ளைங்களுக்கு கேக்கவே வேண்டாம். கிளம்பறதுக்கு ஒரு ரெண்டு வாரம் முன்னாடி இருந்தே வீட்ல காரத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, சிரிக்காதீங்க, வேல செய்யுது. மொத ரெண்டு நாள் அம்மா சமையல், காய்ச்சின தண்ணி, மூணாவது நாள் சாயங்காலம் தள்ளுவண்டி. தட்டுவடை செட்டு பார்சல் வாங்காதீங்க, பச்ச சட்னியும் பூண்டு சட்னியும் ஊறி, பீட்ரூட் கேரட் தண்ணி விட்டு, வீட்டுக்கு வரும்போது நமுத்து போயிருக்கும், வண்டி பக்கத்துல நின்னு ஒண்ணொண்ணா முழுசா வாய்ல போடணும். நொறுக்கலும் அப்படித்தான்.

புள்ளைங்கள தயார் பண்றது பாதி பேர் மறந்துர்ற விஷயம். வீடியோ கால்ல பாத்த மூஞ்சிங்க நேர்ல வந்து கன்னத்த கிள்ளும்போது மெரண்டு போயிரும். யாரு பெரிப்பா, யாரு மாமா, அத்தை பையன் பேரு என்னன்னு போட்டோவ வச்சு வாரத்துக்கு ரெண்டு பேரா சொல்லி குடுங்க. "ஆயாகிட்ட என்ன கேப்ப?"ன்னு ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி சேத்து வைக்க சொல்லுங்க, அந்த கேள்விய வச்சே ரெண்டு பேரும் ஒரு மதியம் பூரா பேசிருவாங்க, நீங்க போய் தூங்கலாம்.

கடைசியா பெட்டி. போகும்போது ஒண்ணுக்குள்ள ஒண்ணா காலி பெட்டிய வச்சு கொண்டு போங்க. திரும்பும்போது ஜவ்வரிசி, ஜவ்வரிசி வடகம் (ஆத்தூர், தலைவாசல் பக்கம் மரவள்ளி வெளையற ஊர்ல இருந்துட்டு சூப்பர் மார்க்கெட்ல ஜவ்வரிசி வாங்கறது எனக்கு மானப்பிரச்சன), ஏற்காட்டு மொளகு, காபித்தூள், சட்னி இல்லாத வெறும் தட்டுவடை பாக்கெட்டு. மாம்பழ சீசன்ல போய் அமெரிக்கா, ஆஸ்திரேலியா திரும்பறவங்க பழத்த பெட்டில வைக்காதீங்க, ஏர்போர்ட்லயே புடுங்கிருவாங்க, அத அம்மா வீட்டு திண்ணைலயே உக்காந்து தீத்துட்டு வாங்க. காபித்தூள் அரைக்கும்போது சிக்கரி எவ்வளவுன்னு நீங்களே சொல்லணும், சொல்லலன்னா கடைக்காரர் அவர் இஷ்டத்துக்கு போட்டுருவார். தட்டுவடைய கைப்பைல வைங்க, செக்இன் பெட்டில போட்டா தூளாத்தான் வந்து சேரும்.